கடலைப் பார்த்து நின்றவன்

"அக்கா... வானத்தையே பாத்துக்கிட்டு நடந்தா எங்க போய்ச் சேரப் போறீங்க?"

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். ஜெரால்டினுக்குச் சுர்ரென்று ஏறியது.

சுபாங் ஜெயாவில் ஒரு பேரங்காடி. மூன்றாவது மாடியில் வீடியோ கேம் கடை. வெளியே மழை... எதிரே இருக்கிற ரயில் நிலையத்தையே காணாமல் அடித்துவிட்ட மழை. ஜெரால்டின் ஒதுங்க வந்தவள் இல்லை, காரியமாக வந்தவள். தம்பி பிராண்டன் மெல்பர்னுக்கு வேலைக்குப் போகும்போது வீட்டில் விட்டுப்போன கேம் பெட்டிக்கு ஒரு புதுக் கன்ட்ரோலர் வேண்டும். வாங்கிவிட்டாள். மழை விடுகிறவரை சும்மா நிற்பானேன் என்று, யார் வேண்டுமானாலும் விளையாடிப் பார்க்கலாம் என வைத்திருந்த பெரிய திரைக்கு முன்னால் வந்து நின்றாள். அங்கேதான் வினை.

மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு குட்டிப் பொம்மைப் பெண். அவளை நடக்கவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஜெரால்டின் எதைத் தொட்டாலும் திரை முழுக்க வானம். இன்னொன்றைத் தொட்டால் திரை முழுக்கத் தரை. மழைக்கோட்டுக்காரி எங்கேயோ ஒரு சுவரில் முட்டிக்கொண்டே நடந்துகொண்டிருந்தாள். ஜெரால்டின் அவளை வாய்விட்டே திட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா இந்த 'அக்கா'?

திரும்பிப் பார்த்தாள். நெடுநெடுவென்று ஒருவன். தோளில் மழை நனைத்த சட்டை. முன்மண்டையில் முடி லேசாக வழிவிட ஆரம்பித்திருந்தது.

"யாருக்கு யாரு அக்கா? உங்களுக்கு முப்பது தாண்டியிருக்கும் போல இருக்கே!"

"அப்ப... ஆன்டின்னு கூப்பிடவா?"

"ஹலோ!"

"சும்மா சொன்னேன் லா. கோவிச்சுக்காதீங்க." சிரித்தான். அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள் ஜெரால்டின். என்ன கண்கள் அவை... உதடு சிரிப்பதற்கு முன்னாலேயே சிரித்துவிட்டு, மாட்டிக்கொண்ட மாதிரி சட்டென்று தாழ்ந்துவிடுகிற கண்கள். ஒரு நொடிதான். அடுத்த நொடி அவை திரைக்குப் போய்விட்டன. இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் என்னவாம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே கோபமும் வந்தது.

"இடது கட்டவெரல் இருக்குல்ல, அது காலு. வலது கட்டவெரல் கண்ணு. காலு ஒரு பக்கம் போகும், கண்ணு இன்னொரு பக்கம் பாக்கும். ரெண்டையும் பிரிச்சு வெக்கத் தெரிஞ்சா போதும், கேமரா உங்க சொல்பேச்சு கேக்கும்."

"ரொம்பக் கஷ்டமா இருக்கே..."

"ஆரம்பத்துல எல்லாருக்கும் தல சுத்தும். எதுக்குக் கத்துக்கணும்னு ஆச?"

சொல்லியிருக்க வேண்டியதில்லை. யாரோ, எவனோ. ஆனால் மழை நாளில் வாய் கொஞ்சம் தாராளமாகிவிடுகிறது. சொன்னாள். பிராண்டன் போனில் பேசினால் "ம்... ஓகே... அப்புறம் கூப்பிடுறேன்" என்பதோடு சரி. விளையாடும்போது மட்டும் சிநேகிதர்களோடு வாய் ஓயாமல் பேசுவான். "நீயும் கேமரா பழகிட்டு வாக்கா, சேர்ந்து விளையாடலாம்" என்றான். தம்பியோடு பேச அதுதான் வழி என்றால் அதையும்தான் கற்றுப் பார்ப்போமே...

அவன் கேலி செய்யவில்லை. 

"நானும் இதே கேம்தான் விளையாடுறேன். சாயங்காலத்துல வாங்க, சொல்லித் தரேன். ஆன்லைன்லதான். நேர்ல இல்ல, பயப்படாதீங்க."

"யாரு பயந்தா?"

பெயர் முகுந்தன். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். வீடும் அங்கேயேதான். விளையாட்டில் அவள் பெயரைக் கேட்டுத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டுத்தான் போனான். போன் நம்பர் கேட்கவில்லை. கேட்பான் என்று எதிர்பார்த்த ஜெரால்டின், கேட்காததில் கொஞ்சம் மரியாதையும் கொஞ்சம் ஏமாற்றமுமாக ரயில் ஏறினாள்.

* * *

பிரிக்பீல்ட்ஸில் பல் டாக்டர் கிளினிக் ஒன்றில் முன்மேசை வேலை ஜெரால்டினுக்கு. பகல் முழுக்க அடுத்தவர் பல்வலிக்கு நேரம் குறித்துக் கொடுப்பாள். வேலை முடிந்து வீடு வந்து, குளித்து, பால் சேர்க்காத தே ஓ ஒன்றைக் குடித்துவிட்டுக் காதில் மைக்கை மாட்டினால் பாடம் தொடங்கும்.

விளையாட்டு ஒன்றும் பெரிய சண்டை சச்சரவு இல்லை. கடல். நடுவே சின்னச் சின்னத் தீவுகள். தீவு தீவாகப் போய் அணைந்துபோன விளக்குகளை ஏற்ற வேண்டும். அவள் மஞ்சள் மழைக்கோட்டுக்காரி. அவன் சிவப்புத் தொப்பிக்காரன்.

"ஜெரால்டின், தரையையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, என்ன, ஜெபம் பண்றீங்களா?"

"ஆமா வாத்தியாரே. நல்ல வாத்தியார் கெடைக்கணும்னு."

"கெடைச்சாச்சு லா. வலது கட்டவெரல்... மெதுவா... அடோய், மெதுவான்னு சொன்னேன்! ராட்டினம் சுத்துறீங்களே!"

தலை சுற்றியது நிஜம். நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு விளையாடினாள். அம்மா டோரிஸ் அதைப் பார்த்துவிட்டு, "காசு குடுத்து வாங்குன தலவலி" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

நடக்கப் பழகிவிட்டாள். ஓடவும் பழகிவிட்டாள். ஆனால் அந்த வலது கட்டைவிரல்... அது மட்டும் அவசரத்தில் மறந்தே போகும். எதையாவது பார்க்க வேண்டுமென்றால் கேமராவைத் திருப்பமாட்டாள், ஆளையே திருப்பிவிடுவாள். இடப்பக்கம் பார்க்கணுமா, மழைக்கோட்டுக்காரி முழுசாக இடப்பக்கம் திரும்பி நிற்பாள். பின்னால் பார்க்கணுமா, அப்படியே ஒரு வட்டம் அடிப்பாள். முகுந்தன் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். பிறகு என்னவோ, சொல்வதை நிறுத்திவிட்டான்.

பாடம் முடிந்ததும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. கடைசித் தீவின் மரத்துறைக்குப் போய் நிற்பார்கள். விளையாட்டுச் சூரியன் கடலில் இறங்கும். சிவப்புத் தொப்பிக்காரன் துறையின் நுனியில் கடலைப் பார்த்து நிற்பான். மழைக்கோட்டுக்காரி அவனுக்குக் கொஞ்சம் பின்னால்.

"என்ன பாக்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கடல."

"தெனமும் அதே கடல்தானே?"

"எனக்குச் சலிக்கல."

ஜெரால்டினுக்குக் கடல் வேண்டியிருக்கவில்லை. அவனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒரு பொம்மையின் முதுகில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. அந்த முதுகுக்குப் பின்னால் எங்கேயோ தெலுக் பங்லிமா காராங்கில் ஓர் அறை, அறையில் ஒருவன், அவனிடம் அந்த இரண்டு கண்கள்... ஒரே ஒரு நொடி பார்த்த கண்கள். அவற்றை நினைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பி நிற்பாள். என் வீட்டு டிவியில் நான் எதைப் பார்த்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்ற தைரியம்.

பாவம்... அந்தத் தைரியத்துக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயுசு முடிந்தது.

* * *

தம்பியோடு சேர்ந்து விளையாடிய முதல் நாள். பிராண்டன் வாய் ஓயாமல் பேசினான். சாப்பாடு, குளிர், மேனேஜரின் குடைச்சல் எல்லாம் வந்தது. ஜெரால்டினுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இதற்குத்தானே கற்றுக்கொண்டாள்!

நடுவில் சொன்னான்: "அக்கா, ஏன்க்கா சும்மா சும்மா என் மூஞ்சிக்கு நேரா வந்து மொறைக்கிற?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அலாமாக்! உன் ஆளு என் பக்கம் திரும்பி நிக்கிறது என் டிவியில தெரியாதா? நீ வலது கட்டவெரல யூஸ் பண்ணாம ஆளையே திருப்புற. நீ எதைப் பாக்குறன்னு கூட விளையாடுற எல்லாருக்கும் தெரியும். கேமராவ மட்டும் திருப்பினீன்னா ஒருத்தனுக்கும் தெரியாது."

ஜெரால்டின் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்படியென்றால்... இத்தனை நாளும்... அந்தத் துறையில்... ஒவ்வொரு சாயங்காலமும் ஒருத்தி தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது!

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "மானம் போச்சு, மரியாத போச்சு" என்று தலையணையிடம் சொன்னாள். தெரிந்தும் ஒரு வார்த்தை சொன்னானா? சரி, சொல்ல வேண்டாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவன் பக்கமிருந்து திரும்பினானா? கடலாம் கடல்!

உடனே இன்னொரு எண்ணம் ஓடி வந்தது. அவன் தேர்ந்த ஆட்டக்காரன் ஆயிற்றே... திரும்பாமலே பார்க்கத் தெரிந்தவன் ஆயிற்றே. ஒருவேளை அவனும்...?

சீ, ஆசையைப் பார். கடல் என்றுதானே சொன்னான். அந்த எண்ணத்தை அதட்டி உட்காரவைத்தாள். அது உட்கார்ந்த மாதிரி தெரியவில்லை.

அதற்கப்புறம் வைராக்கியம். கட்டைவிரல் வீங்குகிற வரைக்கும் பழகினாள். கால் வேறு, கண் வேறு... கால் வேறு, கண் வேறு... செவ்வாய்க்கிழமை துறையில் மழைக்கோட்டுக்காரி, சிவப்புத் தொப்பிக்காரனைப் போலவே கடலைப் பார்த்து விறைப்பாக நின்றாள். கேமரா மட்டும் சத்தமில்லாமல் நழுவி அவன் முன்னால் போய் நின்றது. அவன் முகத்தை அன்றுதான் பார்க்கிறாள். பொம்மை முகம். கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். அதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது. அந்த நிஜக் கண்களைத் தேடி வந்து இதில் முட்டிக்கொண்டோமே என்றிருந்தது.

"திரும்பாம நிக்கிறீங்க..." என்றான் முகுந்தன்.

"கத்துக்கிட்டேன் வாத்தியாரே."

"ஓ."

அந்த 'ஓ'வில் சந்தோஷம் இருந்த மாதிரி அவளுக்குக் கேட்கவில்லை. மேலே கேட்பதற்குள் அம்மா வந்துவிட்டார்.

"ஜெரி, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் ஈப்போவுலருந்து பொண்ணு பாக்க வராங்க, ஞாபகம் இருக்கா? சேலைய இஸ்திரி போட்டு வை. அந்த நேரத்துல இந்தக் கேமத் தூக்கிக்கிட்டு உக்காராத!"

அம்மா வாயைத் திறக்கும்போதே அவசரமாக மைக்கை அடைத்திருந்தாள். அடைத்துவிட்டதாகத்தான் நினைத்தாள். அழுத்தியதோ வேறு பட்டனை.

* * *

மறுநாள் முகுந்தனின் குரல் மாறியிருந்தது. கேலி இல்லை. "ராட்டினம்" இல்லை. "இடப்பக்கம் போங்க... சரி... குட்" என்று இன்டர்வியூ எடுக்கிற அதிகாரி மாதிரி பேசினான். வியாழக்கிழமை சொல்லியே விட்டான்.

"நல்லா விளையாடுறீங்க. இனிமே சொல்லித் தர ஒண்ணுமில்ல. நாளையோட கிளாஸ முடிச்சுக்கலாம்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருக்கலாம். ஆனால் ஜெரால்டினுக்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை வெட்கம் இன்னும் ஆறவில்லை. என்னைத் தெரிந்துகொண்டு, என்னைக் கழற்றி விடுகிறான்...

"ஓகே லா. தேங்க்ஸ்," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க மழை. ஜன்னலுக்கு வெளியே ரயில் தடங்கள் தண்ணீரில் மினுங்கின. விளையாட்டில் மட்டும் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கடைசி விளக்கை ஏற்றினார்கள். பேசாமல் துறைக்கு நடந்தார்கள். சிவப்புத் தொப்பிக்காரன் நுனியில் போய்க் கடலைப் பார்த்து நின்றான். மழைக்கோட்டுக்காரி பின்னால் ஓர் ஓரமாக நின்றாள்.

நாளையிலிருந்து இந்த முதுகும் கிடையாது.  கடைசியாக ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிடுவோம் என்று கேமராவை அவன் பக்கம் திருப்பினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்த பார்வையில் இடது கட்டைவிரல் தன்னால் நகர்ந்ததை அவள் கவனிக்கவில்லை.

"ஜெரால்டின்! பக்கத்துல... ஓரம், ஓரம்! விழப்போறீங்க!"

தொப்பென்று மழைக்கோட்டுக்காரி கடலில் விழுந்தாள். திரை இருண்டது.

"எக்ஸ் பட்டன அழுத்துங்க," என்றான்.

வழக்கமாக விழுந்த வேகத்தில் அழுத்திவிடுவாள். அவன் முதல் நாள் சொல்லித் தந்த பாடம் அது. உடனே கரைக்கு வந்துவிடலாம். இன்று கை போகவில்லை. நான் விழுந்தது அவனுக்குப் பின்னால். அவன் பார்த்துக்கொண்டிருந்தது முன்னால் இருக்கிற கடலை. விழுவதற்கு முன்னாலேயே எப்படிக் கத்தினான்? முதுகில் கண்ணா இருக்கிறது?

அழுத்தாமலே இருந்ததால், இருட்டு மெல்ல விலகியது. மூழ்கிப்போனவர் வரத் தாமதித்தால், கூட விளையாடுகிறவரின் கேமரா எதைப் பார்க்கிறதோ அதையே இவருக்கும் காட்டுவது அந்த விளையாட்டின் ஏற்பாடு. அவசரக்காரி ஜெரால்டின் அதுவரைக்கும் காத்திருந்ததே இல்லை.

திரையில் கடல் இல்லை. சூரியனும் இல்லை.

திரையில் இருந்தது மரத்துறையின் பின் ஓரம். மழைக்கோட்டுக்காரி நின்றிருந்த இடம். அவள் விழுந்த தண்ணீரில் குமிழிகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. கேமரா அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போனது. எட்டிப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் கீழே தாழ்ந்தது. காத்துக்கொண்டிருந்தது.

ஜெரால்டின் வாயைப் பொத்திக்கொண்டாள். குரலைச் சரிப்படுத்திக்கொண்டு கேட்டாள்.

"முகுந்தன்... என்ன பாக்குறீங்க?"

"கடலத்தான். எப்பவும் போல."

குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தது கேமரா.

"சூரியன் எறங்கிடுச்சா?"

"எறங்குது. அழகா இருக்கு."

"பொய்."

"என்னது?"

"நான் இன்னும் எக்ஸ் அழுத்தல, வாத்தியாரே."

 சடாரென்று கேமரா கடல் பக்கம் திரும்பிக்கொண்டது பாருங்கள்... திருடன் கையை இழுத்துக்கொண்ட மாதிரி! ஜெரால்டின் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

"இனிமே திருப்பி என்ன பிரயோஜனம் லா?"

அவன் சிரிக்கவில்லை.

"ஜெரால்டின்... உங்க அம்மா சொன்னது எனக்குக் கேட்டுச்சு. ஞாயித்துக்கெழம வராங்கல்ல. அதோட நீங்களும் திரும்புறத நிறுத்திட்டீங்க. எனக்குப் புரிஞ்சிருச்சு. நடுவுல நான் நிக்கக்கூடாது. நல்லா இருங்க."

"புரியவே இல்ல உங்களுக்கு! நாளைக்கு மத்தியானம் உங்க ஊருக்குப் பக்கத்துல, கிள்ளான் ஸ்டேஷன் வாசல்ல நிப்பேன். வந்தா..."

அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்திருந்தது. கேட்டானா, கேட்பதற்கு முன்னாலேயே போய்விட்டானா, தெரியவில்லை.

* * *

அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஈப்போக்காரங்கள வர வேணாம்னு சொல்லிடுங்க."

கத்தி நின்றது. "யாருடி அவன்?"

"முகுந்தன்."

"பேரே சொல்லுதே..." டோரிஸ் கத்தியைக் கீழே வைத்தார். "நம்ம சபை ஆளில்ல. சரி, உன்னப் பிடிச்சிருக்குன்னு சொன்னானா?"

"சொல்லல."

"சொல்லாத ஒருத்தனுக்காக வர்ற சம்பந்தத்த வேணாங்கிறியா? உனக்கென்ன பைத்தியமா?"

"சொல்லலம்மா. ஆனா என்னத்தான் பாக்குறான். நான் பாத்தேன். அது போதும் எனக்கு. அவன் வரலன்னாக்கூட, மனசுல இவ்வளவ வச்சுக்கிட்டு இன்னொருத்தங்க முன்னால சேல கட்டிக்கிட்டு நிக்க என்னால முடியாது."

டோரிஸ் மகளை நிமிர்ந்து பார்த்தார். வெங்காயத்தாலா, வேறு எதனாலா, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்கப்பாகிட்ட நீயே சொல்லு. என்னால அந்த மனுஷன்கிட்டப் பாட்டு வாங்க முடியாது," என்றார். பிறகு போனை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் பேச முன்னறைக்குப் போனார்.

* * *

கிள்ளான் நிலையத்துக்கு வெளியே மழை கொட்டியது. ஜெரால்டின் வாசல் கூரையின் கீழ் நின்றாள். நீலச் சுடிதாரின் ஓரம் நனைந்து காலில் ஒட்டியது. ரயில்கள் வந்தன. ஆட்கள் இறங்கினார்கள், குடை விரித்தார்கள், போனார்கள். ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் அவள் சாலையை எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் வடை விற்ற அக்கா, "யாரம்மா தேடுற?" என்று கேட்டு, பதில் வராததால் தானே புரிந்துகொண்டு சிரித்தார்.

வரமாட்டான். கேட்டிருக்கமாட்டான். கேட்டிருந்தாலும் வரமாட்டான்... அடுத்த ரயிலில் ஏறிவிடலாம் என்று நினைத்தாள். அந்த ரயில் வந்தது, போனது. அவள் ஏறவில்லை.

மழைக்குள்ளிருந்து ஒரு மோட்டார் வந்து நின்றது. தொப்பலாக நனைந்த ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். தொழிற்சாலைச் சட்டையில் தண்ணீர் சொட்டியது. அதே நெடுநெடு. வழிவிட்ட அதே முன்மண்டை.

"தெலுக் பங்லிமாவுலருந்து வர வழியெல்லாம் வெள்ளம் லா..." என்று சொல்லிக்கொண்டே வந்து அவள் பக்கத்தில் நின்றான். நின்றவன் சாலையைப் பார்த்தான். வாய் அவளோடு பேசியது, முகம் சாலையோடு இருந்தது. "கேட்டுச்சு. நிப்பேன்னு சொன்னது கேட்டுச்சு. வரக்கூடாதுன்னுதான் நெனச்சேன். வேல முடிஞ்சு வண்டிய எடுத்தா... அது வீட்டுப் பக்கம் திரும்பவே இல்ல."

"ஈப்போக்காரங்க வரல."

அவன் மூச்சை இழுத்துக்கொண்டது அவளுக்குக் கேட்டது. முகம் இன்னும் சாலைக்குத்தான்.

"ஏன்?"

"வேணாம்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"அத ரோட்டுகிட்டக் கேக்குறீங்களா, என்கிட்டக் கேக்குறீங்களா?" ஜெரால்டினின் குரல் உடைந்தது. "இங்க வலது கட்டவெரல் வேல செய்யாது முகுந்தன். என்னப் பாக்கணும்னா நீங்க திரும்பித்தான் ஆகணும். எல்லாருக்கும் தெரியும். அந்த வட விக்கிற அக்காவுக்கும் தெரியும். பரவால்லியா?"

முகுந்தன் ஹெல்மெட்டைக் கீழே வைத்தான்.  பிறகு, மெதுவாக, தோளோடு, காலோடு, முழு ஆளாக அவள் பக்கம் திரும்பினான்.

அந்தக் கண்கள். இந்த முறை அவை தாழவில்லை. மழைத் தண்ணீர் இமையில் நின்றது. அவன் துடைக்கக்கூட இல்லை.

"முதல் நாள் கடையில உங்களுக்குப் பின்னால நான் விளையாட வந்து நிக்கல, ஜெரால்டின்," என்றான். "கடைக்கு வெளிய போய்க்கிட்டிருந்தேன். நீங்க அந்தப் பொம்மையத் திட்டுன திட்டக் கேட்டு உள்ள வந்தேன். அதுக்கப்புறம் வெளிய போகவே இல்ல. நீங்க தெனமும் என் பக்கம் திரும்பி நிக்கும்போது... நான் பாத்துக்கிட்டே இருப்பேன். வலது கட்டவெரல யூஸ் பண்ணுங்கன்னு சொல்றத ஏன் நிறுத்தினேன்னு நெனைக்கிறீங்க? கத்துக்கிட்டீங்கன்னா திரும்பமாட்டீங்களே! எனக்கு தைரியம் இல்ல லா. நான் திரும்பிட்டேன்னா உங்களுக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சு நீங்க சிரிச்சுட்டீங்கன்னா... அந்தத் துறைக்கு மறுநாள் எப்படி வர்றது?"

"கடல்னு சொன்னீங்களே, படுபாவி."

"பொய்தான். எல்லாம் பொய். உங்களத்தான் பாத்தேன். உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. இனிக் கொஞ்சம் பிகு பண்ணலாம், வேறு பக்கம் பார்க்கலாம். அதற்கான வித்தைகூட இப்போது அவளுக்குத் தெரியும். ஜெரால்டின் அதைச் செய்யவில்லை.

"எங்கப்பா பழைய ரயில்வேக்காரரு. கத்துவாரு. கேப்பீங்களா?"

"கேப்பேன்."

"உங்க வீட்டுல?"

"எங்கம்மா அழும். அப்புறம் உங்களுக்கு என்ன சமைக்கத் தெரியும்னு கேக்கும்."

"தே ஓ போடுவேன்னு சொல்லுங்க." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவனுக்கு நேராக, ஒரு சாண் இடைவெளியில், முழுசாகத் திரும்பி நின்றாள். நிலையத்திலிருந்து இறங்கி வந்த கூட்டம் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே விலகிப் போனது.

"அப்பல்லாம் உங்களுக்குத் தெரியும்னு தெரியாம உங்க பக்கம் திரும்பி நின்னேன் முகுந்தன். இப்ப தெரிஞ்சேதான் நிக்கிறேன். நான் உங்கள நேசிக்கிறேன்... யாரு வேணும்னாலும் பாத்துக்கட்டும்."